ஆரோ ஒட்டிய படம்

பனியன் கம்பெனியில் மார்பளவு எடுப்பது சுலபம். பீஸை டேபிளில் படுக்கவைத்து, சுருக்கம் நீவிவிட்டு, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே டேப்பை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்க்க வேண்டும். பதினெட்டு என்றால் பதினெட்டு. போடப்போகிற ஆளைச் சுற்றி அளந்தால் முப்பத்தாறு வரும் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாத விஷயம். செக்கிங் டேபிளுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தட்டையான மனிதர்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, கழுத்துப்பட்டி ஒன்று. ஒன்பது வருடம் இதையே பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு நான் மனித உடம்பை வரைய உட்கார்ந்தேன்.

வந்ததும் பனியன்தான். தலையும் காலும் முளைத்த பனியன். தோள் நேர்க்கோடாக, கைகள் இரண்டும் ஒரே சாய்வில், நெஞ்சு இஸ்திரி போட்டதுபோல. எதனால் அப்படி வருகிறது என்று எனக்கே மூன்று மாதம் புரியவில்லை. படம் பழகுகிறவர்கள் போடுகிற ஒரு இணையக் குழுவில் அதைப் போட்டேன். யாரோ ஒருவர், கொடியில் காயப்போட்ட துணி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே துணி என்று நினைத்தாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அப்படித்தான். ஒருவர் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்பதைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறவரை விடமாட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தக் குணத்தால்தான். வறுமை என்று சொன்னால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அது காரணமில்லை. பரீட்சை என்றால் எனக்கு வாந்தி வரும். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் கேள்வித்தாளின் மேலேயே எடுத்துவிட்டேன். அப்பா, "உட்ருங்க சாமி, புள்ளையக் கொன்னா படிக்க வெக்கோணும்?" என்று வாத்தியாரிடம் சொல்லிக் கூட்டிவந்துவிட்டார். அடுத்த மாதம் கம்பெனி வேனில் ஏறினேன். பரீட்சைக்குப் பயந்து போனவளுக்கு, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பீஸைப் பரீட்சை பார்க்கிற வேலை கிடைத்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. கம்பெனியின் முதல் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டிசைன் ரூம் இருக்கிறது. மூன்று கம்ப்யூட்டர், முதுகு சாய்கிற நாற்காலிகள், குளிர்காற்று. குழந்தைகள் பனியனில் அச்சாகிற பொம்மைப் படங்களை அங்கேதான் செய்வார்கள். செக்கிங்கில் எட்டரை மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்ரூவ்டு சாம்பிளை, அதாவது வாங்குகிற கம்பெனி சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி பீஸை, எடுத்துவர ஒருநாள் மேலே போனேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்தபடி ஒரு கரடிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் போனிலும், அப்புறம் மூலை விரிசல் விட்ட ஒரு பழைய டேப்லெட்டிலும் வரைந்தேன். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வீடியோவில் அவர்கள் முகம் காட்டுவதில்லை. கையும் பேனாவும் மட்டும்தான். பாதி பேர் இங்கிலீஷ், மீதி பேர் இந்தி. வார்த்தையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாளேந்திய பெண், மீன் வாலுள்ள பையன் என்று அவர்கள் வரைவதைப் பார்த்து மயங்கிப் போய் உட்கார்ந்தால், எல்லோரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள். முதலில் பெட்டி வரை. உருளை வரை. உருண்டை வரை. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது பார். அடிப்படை இல்லாமல் ஆள் வராது. திரும்பவும் ஒன்றாம் வகுப்பா என்று இருந்தது. ஆனால் இதில் கேள்வித்தாள் இல்லை. வரைந்தேன்.

வேனில் போகும்போது அரை நிமிடத்துக்கு ஒரு ஆள். தூங்கி விழுகிற தலை, கம்பியைப் பிடித்த கை. அவிநாசியில் ஏறுகிறவர்களை வரைய ஆரம்பித்தால் திருப்பூர் வருவதற்குள் இருபது ஆள் ஆகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடியில் பெட்டிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர். அவர் துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கி எடுக்கிற காம்பாக்டிங் மெஷின் ஓட்டுகிறவர். ஞாயிறு சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். உடம்பு உருண்டை என்பது எனக்கு அவரை வைத்துத்தான் புரிந்தது. கைக்கும் கழுத்துக்கும் வைத்துத் தைக்கிற ரிப் துணியில் வீணான வளையங்களைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, தூங்குகிறவர் கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவிட்டேன். ஒவ்வொரு வளையமும் எங்கே வளைகிறது, எங்கே நேராகிறது, எந்தப் பக்கம் மறைந்து போகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பதினெட்டு இன்ச்சுக்குப் பின்னால் இன்னொரு பதினெட்டு இன்ச் இருந்தது.

பாதியில் அவர் விழித்துவிட்டார். கையைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, பொணத்துக்குக் கட்டறாப்பல கட்டி வெச்சிருக்கற?"

"அசையாதீங்க. மொழங்கை இன்னும் வரையலீங்க."

"மனுசன் ஊட்லயும் பீஸாத்தான் கெடக்கோணுமா?" என்றவர், சற்று நேரம் அசையாமல்தான் கிடந்தார். "அளவு செரியா இருக்குதா, இல்ல ஆல்ட்டருக்குப் போடுவியா?"

நல்ல நாட்கள் என்று சொல்ல வேண்டுமென்றால் அவைதான். அதற்காக அதை நீட்டிச் சொல்லப் போவதில்லை.

எல்லா டுடோரியலிலும் ஒரு வாக்கியம் வரும். தவறு செய்யப் பயப்படாதே. கையோடு கூடவே சிரிப்பும் கேட்கும். அவர்கள் யாரையும் கம்பெனியில் நம்பர் கொடுத்து நிறுத்தியிருக்கமாட்டார்கள். எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த பீஸில் அந்த நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். என் நம்பர் பதினேழு. ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவானாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஆரோ என்போம். ஆரோ ஒட்டினால் அந்தத் தப்பு தையல்காரருடையது. ஒட்டாமல் விட்டால் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. அக்குளில் ஊசி முனை அளவு ஓட்டை, பக்கத்தில் பதினேழு. அந்த பீஸை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைனுக்கு முன்னால் நிற்கச் சொன்னார் அப்போதிருந்த மேனேஜர். டீ நேரம் வரை நின்றேன். அன்றைக்கும் வாந்தி எடுத்தேன். அதிலிருந்து சந்தேகம் என்றாலே ஆரோ ஒட்டிவிடுவேன். மற்றவர்கள் ஒரு ரோல் தீர்ப்பதற்குள் நான் மூன்று தீர்ப்பேன். அந்தப் பழக்கம் டேப்லெட்டுக்கும் வந்துவிட்டது. படம் முடிந்ததும் மேலே தனியாக ஒரு லேயர் திறப்பேன். லேயர் என்பது படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி; வேண்டுமானால் மறைக்கலாம், வேண்டுமானால் காட்டலாம். அதில் தப்பான இடங்களுக்கெல்லாம் சிவப்பு அம்பு போட்டு வைப்பேன். அடுத்த படத்தில் திருத்த அது உதவியது. உண்மையிலேயே உதவியது. அதனால்தான் அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

டிசைன் ரூமில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனாள். நாற்காலி காலியானது. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் நான் மாடியில் வரைவதைப் பார்த்திருக்கிறார். அவரே டிசைன் ரூம் மேடத்திடம் சொல்லியிருக்கிறார்.

"அம்மிணி, மேலேருந்து கூப்புடறாங்க. பயந்துக்காத. அங்க போயி 'எனக்குத் தெரியாதுங்'னு ஆரம்பிச்சீன்னா நான் சொன்னதுக்கு மருவாதி இருக்காது பாத்துக்க."

மேடம் என்னைவிடச் சின்னவள். படித்தவள், கோபமில்லாதவள். குழந்தைகள் நைட் டிரெஸ்ஸுக்கு ஒரு சிறுமி வேண்டும், கூட ஏதாவது ஒரு குட்டி பிராணி. நான்கு நாள் டைம். "நல்லா வந்துச்சுன்னா இங்கேயே வந்துருங்க. படிப்பெல்லாம் நான் பேசிக்கிறேன்," என்றாள்.

நான்கு நாளும் நான் வரைந்தது வெள்ளாட்டுக் குட்டியை அணைத்துக்கொண்டிருக்கிற ஒரு சிறுமியை. குட்டி இறங்கப் பார்க்கிறது; அவள் விடமாட்டேன் என்கிறாள். குன்னத்தூரில் எங்கள் அப்பா வீட்டுக்கு எதிரே அப்படி ஒருத்தி இருந்தாள். குட்டியின் வயிற்றைச் சுற்றி அவள் விரல்கள் கோத்திருக்க வேண்டும். விரல் கோப்பது இருக்கிறதே, அதைப் போல மனிதனை அழவைக்கிற வேலை இல்லை. வீட்டுக்காரர் தலையணையைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். "ஆட்டுக்குட்டிக்கு இத்தன மருவாதி, எனக்கு ஒரு டீ இல்ல," என்றார். நான்காம் நாள் காலை படம் முடிந்தது. வழக்கம்போல அம்பு லேயரைத் திறந்தேன். பதினோரு அம்பு விழுந்தது. இடது முழங்கை நீளம். குட்டியின் பின்னங்காலில் வெளிச்சம் தப்பு. ஒரு விரல் கணு இடம் மாறியிருந்தது. திருத்த நேரமில்லை, ஏழரை மணிக்கு வேன்.

அந்த லேயரை மறைத்துவிட்டு அனுப்ப ஒரு தட்டு போதும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. மறைத்தேன். தெரிந்தே தப்பை வைத்துக்கொண்டு ஆரோ ஒட்டாமல் மேலே அனுப்புவதா? மேடம் கண்டுபிடித்தால்? தப்பைப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டால்? ஆரோவோடு அனுப்பினால், தப்பு எங்கே என்று இவளுக்குத் தெரிகிறது என்றாவது நினைப்பார்கள். பதினோரு வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த நியாயம் அதுதான். லேயரைத் திரும்பக் காட்டினேன். கீழே மூலையில் சின்னதாகப் பதினேழு என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டு வேனில் ஏறினேன். மனம் சுத்தமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மத்தியானம் கூப்பிட்டார்கள். பெரிய ஸ்கிரீனில் என் படம். அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க இது, அம்மை போட்ட மாதிரி?" என்றாள் மேடம்.

"ஆரோங்க மேடம். தப்பு இருக்கற எடமுங்க."

"யாரு போட்டது?"

"நாந்தானுங்க."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. பக்கத்து நாற்காலிக்காரனைத் தட்டி, "பாரேன், இவங்களே வரைஞ்சு இவங்களே ரிஜெக்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க. நான் எதைப் பாஸ் பண்றது?" என்றாள்.

"அது தனி லேயருங்க மேடம். மறைச்சுத் தாரனுங்க. மறைச்சா நல்லாயிருக்குமுங்க."

"நீங்க காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது. இப்ப எனக்கு அது மட்டும்தான் தெரியுது," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். "சாயந்தரம் அனுப்பணும். திருத்தறதுக்கெல்லாம் டைம் இல்லீங்க."

பிறகு கம்ப்யூட்டரில் நான்கு வரி டைப் செய்தாள். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தானே வரைகிற புரோகிராம் அது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி வந்துவிட்டாள். தலைமேல் பூனைக்குட்டி, இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டுகிறாள், சிரிக்கிறாள். கன்னத்தில் வெளிச்சம் விழுந்த விதத்தை நான் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்கதான் செக்கிங்ல கெட்டிக்காரங்களாமே. இதுல எங்க ஆரோ ஒட்டுவீங்க, சொல்லுங்க பார்க்கலாம்," என்றாள்.

பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்கினால் இரண்டு கட்டைவிரலும் தலைப்பக்கம்தான் இருக்கும். இவளுக்கு ஒன்று தலைப்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். இரண்டுமே இடது கை.

அப்போது சரியாகத் தெரியவில்லை, ஒரு சந்தேகம்தான் என்று பிற்பாடு வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய். நன்றாகத் தெரிந்தது. கை வரைந்து வரைந்து செத்தவள் நான். ஆனால் என் படத்தில் பதினோரு தப்பு ஸ்கிரீன் அளவுக்கு நின்ற ஐந்தாவது நிமிடத்தில், இன்னொன்றில் தப்பு சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பொறாமை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குள்ளே, தப்பாகவே போகட்டும் என்ற ஒரு சின்ன ஆசையும் கிடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். நல்லாயிருக்குதுங்க," என்றேன்.

சந்தேகமென்றாலே ஆரோ ஒட்டுகிறவள், சந்தேகமே இல்லாத இடத்தில் ஒட்டாமல் விட்டது அன்றைக்குத்தான்.

கீழே வந்ததும் சூப்பர்வைசர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டார். "போச்சாட்ட இருக்குது?" என்றார். "ஆமாங்ணா." "செரி, அந்த நீலப் பண்டலை மொதல்ல முடி. வண்டி நிக்குது."

நாற்காலிக்கு யாரையும் எடுக்கவில்லை. அந்த புரோகிராம் இருக்கும்போது ஆள் எதற்கு என்று ஆகிவிட்டதாம். இப்போது அதன்மேல் பட்டன் அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து பண்டல்கள் எங்கள் டேபிளுக்கு வந்தன. மஞ்சள் துணி. கட்டை அவிழ்த்ததும் அவள் சிரித்தாள், இரண்டு இடது கையையும் தூக்கிக்கொண்டு. கன்னத்து வெளிச்சம் இல்லை. கலர் குறைக்க எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நான்கே கலரில் தட்டையாக அச்சடித்திருந்தார்கள். நான் இரண்டு வருடம் பாடுபட்டு எதிலிருந்து வெளியே வந்தேனோ, அங்கேயே அவள் சுகமாக நின்றாள். தையல் பார்த்தேன், அளவு பார்த்தேன், கறை பார்த்தேன். பிறகு என் கை தானாகப் போய் அவளுடைய உள்ளங்கையில் ஓர் ஆரோவை ஒட்டியது.

சூப்பர்வைசர் அண்ணன் வந்தார். "என்ன அம்மிணி, பிரிண்ட்டு மேல ஆரோ? கறையா?"

"இல்லீங்ணா. கை."

"கைத் தையலா?"

"தையல் இல்லீங்ணா. படத்துல இருக்கற புள்ளையோட கை. ரெண்டும் இடது கைங்க."

அவர் பீஸைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, போலீஸ்காரன் முன்னால் நிற்பதுபோல இரண்டு கையையும் தூக்கினார். தன் கட்டைவிரல்களைப் பார்த்தார். அவளுடையதைப் பார்த்தார். டேபிளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அட, ஆமா," என்றார். "முப்பது வருசமா பீஸு பாக்கறேன், இப்படியொரு ரிஜெக்ட்டு பாத்ததில்ல." ஆணியில் தொங்கிய அப்ரூவ்டு சாம்பிளை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தார். "இதுல எப்படி இருக்குது?"

"இதே மாதிரிதானுங்க."

"அப்பறமென்ன? சாம்பிளாட்டயே இருக்குது, பாஸு. நீ சொல்ற மாதிரி சோத்துக்கையா மாறி வந்திருந்தாத்தான் ரிஜெக்ட்டு."

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

"பூராம் பிரிண்ட் ஆயி வந்துருச்சு. இப்பப் போயி சொன்னா, மொதல்ல பாத்தது ஆரு, அப்பவே ஏன் சொல்லலைன்னு ஒரு பஞ்சாயத்து வரும். நமக்கெதுக்கு?" ஆரோவை நகத்தால் பெயர்த்து டேபிள் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் பார்த்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஆர்டர் முடிய ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு பீஸிலும் பதினேழு ஒட்டினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. யாரும் யாரையும் நிற்கவைக்கவில்லை. குழந்தைகள் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பார்கள். தப்பு என்பது படத்திலோ கையிலோ இல்லை, ஆணியில் என்ன தொங்குகிறது என்பதில்தான் இருக்கிறது என்று பதினோரு வருடம் அங்கேயே நின்ற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆட்டுக்குட்டிக்காரிக்கு ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை. அவளோடு ஒப்பிட்டுப் பார்க்க என் பயத்தைத் தவிர வேறு சாம்பிள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டைத் திறந்து அவளை எடுத்தேன். அம்புகள் அப்படியே இருந்தன. லேயரை மறைத்தேன். குட்டி இறங்கப் பார்த்தது. அவள் விடமாட்டேன் என்றாள். முழங்கை கொஞ்சம் நீளம்தான். குட்டியை இறுக்கிப் பிடித்தால் அப்படித்தான் தெரியும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான புள்ள இருக்குது," என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் என் வயிற்றில் எரிகிறது.